மாற்றுத்திறனும் உடல்நலச் சமத்துவமும்: நான் படித்த சனிக்கிழமை வகுப்பு பற்றி ஒரு விமர்சனம்

நர்சிங், மருத்துவம், பிசியோதெரபி, சமூகப்பணி என்று எது படிப்பவராக இருந்தாலும், மாற்றுத்திறனாளிகளின் உடல்நலம் பற்றி நல்ல வகுப்பு ஒன்று கண்ணில் பட்டால் விடாதீர்கள். ஆனால் அந்தப் பெயரில் நடப்பதெல்லாம் நல்ல வகுப்பு இல்லை. சென்னையில் சனிக்கிழமைகளில் நடக்கும் சான்றிதழ் வகுப்பு ஒன்றை அண்மையில் முடித்தேன். அதன் சில அமர்வுகள் கல்லூரியில் இதுவரை கிடைக்காததைக் கொடுத்தன. ஒரு அமர்வு நடக்காமலே இருந்திருக்கலாம். சேரலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்கு உதவும் என்று விவரமாகவே எழுதுகிறேன்.

நான் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம், இப்போது சென்னையில் விடுதி. வகுப்பை நடத்துவது மாற்றுத்திறனாளிகளே சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய அமைப்பு. அதன் பெயரை இங்கே போடவில்லை. குறைகளும் சொல்லப் போகிறேன், அவற்றை அவர்களிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன், திருத்திக்கொள்ள அவர்களுக்கு அவகாசம் வேண்டும். மாணவர்களுக்குக் கட்டணம் 500 ரூபாய். மதியச் சாப்பாடும் அதிலேயே அடக்கம்.

கல்லூரியில் இந்தப் பாடமே இல்லை என்று சொல்ல முடியாது. பக்கவாதம் வந்தவரை எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, மூட்டு மடங்கி இறுகிவிடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, படுக்கைப்புண்ணுக்கு எத்தனை நிலைகள், எல்லாம் படித்திருக்கிறோம். தேர்வில் கேள்வியாகவும் வரும். ஆனால் அந்த நோயாளி சக்கர நாற்காலியில் வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆகிறார் என்பது எங்கள் பாடத்தில் வரவில்லை. பத்து வருடம் கழித்து அவருக்குக் காய்ச்சல் வந்தால் எப்படி ஆஸ்பத்திரிக்கு வருவார்? ஒரு பெண்ணாக இருந்து கர்ப்பமானால் எந்த மேசையில் ஏறிப் படுப்பார்? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு, மருத்துவர், செவிலியர், ஆஷா பணியாளர், அங்கன்வாடி ஊழியர், பொறியாளர், கட்டடக் கலைஞர் என்று எல்லோருடைய படிப்பிலும் இந்தப் பாடம் ஒரு பகுதியாக இருக்க வேண்டும் என்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரலில். அப்படி ஒரு பிரிவு இருக்கிறது என்பதே எனக்கு இந்த வகுப்பில்தான் தெரிந்தது.

முதல் அமர்வை எடுத்தவர் பார்வையற்ற வழக்கறிஞர் ஒருவர். உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையிலிருந்து தொடங்கினார். உலகில் 130 கோடிப் பேர், அதாவது ஆறு பேரில் ஒருவர், குறிப்பிடத்தக்க உடற்குறையோ மனநலக் குறையோ உள்ளவர்கள். அவர்களில் சிலர் மற்றவர்களைவிட 20 ஆண்டுகள் வரை முன்னதாக இறந்துபோகிறார்கள். நீரிழிவு, மனச்சோர்வு, ஆஸ்துமா, பக்கவாதம் போன்றவை வரும் அபாயம் அவர்களுக்கு இரண்டு மடங்கு. பின்வரிசையில் இருந்த ஒரு மாணவன், "உடம்பு பலவீனமா இருக்கிறதாலதானே சார்?" என்று கேட்டான். எங்களில் பலர் மனதில் இருந்த கேள்விதான் அது.

சார் உடனே பதில் சொல்லவில்லை. எங்களைக் குழுக்களாகப் பிரித்து ஒரு பயிற்சி கொடுத்தார். ஆவடியில் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கும் 45 வயதுப் பெண், சக்கர நாற்காலியில் இருப்பவர், சர்க்கரை நோய் உண்டு, வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டு வாசலில் இறங்குவதிலிருந்து மாத்திரை கைக்கு வருவதுவரை அவருடைய காலைப்பொழுதை எழுத வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி.

எழுத எழுதத்தான் தெரிந்தது. மாடியிலிருந்து தூக்கி இறக்க இரண்டு பேர் வேண்டும், அவர்கள் வேலைக்குப் போகுமுன் இறங்கிவிட வேண்டும். பஸ் படி உயரம், ஏற முடியாது, எனவே ஆட்டோ. ஆட்டோவில் நாற்காலியை மடக்கி வைக்கத் தனியாகக் காசு கேட்கலாம். போகிற இடத்தில் கழிப்பறைக்குள் நாற்காலி நுழையாது என்று தெரிந்தால் முந்தின ராத்திரியே தண்ணீரைக் குறைத்துவிடுவார். ஆஸ்பத்திரியில் சாய்தளம் இருக்கும், அதன் மேல் பைக் நிற்கும். சீட்டு வாங்கும் ஜன்னல் அவர் தலைக்கு மேலே இருக்கும். எடை பார்க்கும் மெஷினில் நிற்க முடியாது, எனவே "ஒரு 60 இருக்கும்" என்று யாரோ குத்துமதிப்பாக எழுதுவார்கள், மருந்தின் அளவும் அந்தக் குத்துமதிப்பின் மேல் போகும். டாக்டர் கூட வந்தவரைப் பார்த்து, "இவங்க மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறாங்களா?" என்பார். முடித்துத் திரும்பும்போது மதியம் ஆகிவிடும், வெறும் வயிற்றோடு.

சார் கேட்டார்: "மூணு மாசம் கழிச்சு மறுபடி வரச் சொன்னா வருவாங்களா?" பின்வரிசை மாணவனே பதில் சொன்னான், வரமாட்டார்கள் என்று. அப்போதுதான் சார் அதே அறிக்கையின் இன்னொரு வரியைச் சொன்னார். போக்குவரத்து கிடைக்காததும் கட்டுப்படியாகாததும் மாற்றுத்திறனாளிகளுக்கு மற்றவர்களைவிட 15 மடங்கு சிரமம் தருகிறது. சுகாதார நிலையங்களின் அமைப்பு ஆறு மடங்கு தடையாக இருக்கிறது. அந்த 20 ஆண்டுகளில் எவ்வளவு உடம்பால் போகிறது, எவ்வளவு படியாலும் மேசையாலும் போகிறது என்று அப்புறம் யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அரசு, தனியார் இரண்டு வகை மருத்துவமனைகளிலும் எல்லாப் பகுதிகளும் தடையின்றி இருக்க வேண்டும், சிகிச்சையில் முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டத்தின் 25-ஆம் பிரிவு சொல்வதையும் அன்று படித்தோம்.

அன்றைய வகுப்பில் சார் சொன்ன சின்ன விஷயம் ஒன்றை நான் வார்டில் உடனே பயன்படுத்த ஆரம்பித்தேன். மாத்திரை அட்டைகள் தடவிப் பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். அவர் காலை மாத்திரை அட்டைக்கு ஒரு ரப்பர் பேண்ட், ராத்திரி மாத்திரைக்கு இரண்டு போட்டுக்கொள்கிறார். பார்வை மங்கிய முதியவர்கள் டிஸ்சார்ஜ் ஆகும்போது இதைச் சொல்லிக்கொடுக்கலாம். ஒரு நிமிடம்கூட ஆகாது.

மொத்த வகுப்பில் சிறந்த அமர்வு எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், தண்டுவடக் காயம் பற்றியது. எடுத்தவர் கழுத்துப் பகுதியில் அடிபட்டுப் பல வருடங்களாகச் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு அக்கா. நர்ஸ் இல்லை, டாக்டர் இல்லை. ஆனால் தன் உடம்பைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு அந்த அறையில் யாருக்கும் தெரியாது.

அவர் சொல்லிக்கொடுத்தது ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா. பெயரை நான் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன், இரண்டு வரியில் கடந்திருக்கிறேன். மார்புப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு வரக்கூடியது. கீழே சிறுநீர்ப்பை நிரம்பிவிட்டது, அல்லது கதீட்டர் (சிறுநீர் வெளியேறப் போட்டிருக்கும் குழாய்) மடங்கி அடைத்துக்கொண்டது, மலச்சிக்கல், இறுக்கமான பெல்ட் என்று ஏதோ ஒரு தொந்தரவு. அது வலியாக அவருக்குத் தெரியாது. ஆனால் உடம்பு அதை உணர்ந்து ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். மூளையிலிருந்து போக வேண்டிய அடக்கும் கட்டளை காயம்பட்ட இடத்தைத் தாண்டிப் போகாது. ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவந்து வியர்த்துக் கொட்டும், நாடித்துடிப்பு பெரும்பாலும் குறையும். கவனிக்காவிட்டால் மூளையில் ரத்தக்கசிவு வரை போகலாம்.

அக்காவுக்கு ஒருமுறை இப்படி வந்து ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனார்கள். ரத்த அழுத்தம் 140 காட்டியது. "கொஞ்சம் அதிகம்தான், பயப்பட ஒண்ணுமில்ல" என்று தலைவலி மாத்திரை கொடுத்து ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்துவிட்டார்கள். இங்கேதான் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவு மேலே காயம்பட்டவர்களுக்குச் சாதாரண நாளிலேயே மேல் அழுத்தம் 90-க்கும் 110-க்கும் இடையில் இருப்பது வழக்கம். எனவே மற்றவருக்கு 140 என்பது வேறு, அவருக்கு 140 என்பது வேறு. இரண்டாவது, படுக்க வைக்கக் கூடாது. நேராக உட்கார வைத்து, காலைத் தொங்கவிட்டு, இறுக்கமானதையெல்லாம் தளர்த்தி, கதீட்டர் குழாயை முதலில் பார்க்க வேண்டும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அழுத்தம் பார்த்துக்கொண்டே காரணத்தைத் தேட வேண்டும். அக்காவின் தம்பி சத்தம் போட்டு, அவரே அக்காவைத் தூக்கி உட்கார வைத்து, மடங்கியிருந்த குழாயை நிமிர்த்தினார். பிறகுதான் தலைவலி இறங்கியது.

இப்போது அக்கா பையில் ஒரு அட்டை வைத்திருக்கிறார். தன் வழக்கமான ரத்த அழுத்தம் எவ்வளவு, தலைவலி என்றால் என்ன செய்ய வேண்டும் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியது. அதை எங்களிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். வகுப்பில் இறுதி ஆண்டு மருத்துவ மாணவர்களும் இருந்தார்கள். அவர்களும் குறிப்பெடுத்தார்கள்.

அப்புறம் ஸ்ட்ரெச்சர் விஷயம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்ப வேண்டும் என்பது எங்களுக்கு மனப்பாடம். ஆனால் ஸ்கேனுக்குக் காத்திருக்கும் நோயாளியை யார் திருப்புகிறார்கள்? அக்கா தன் நாற்காலியில் ஒரு மெத்தை வைத்திருக்கிறார், கால் மணிக்கும் அரை மணிக்கும் ஒருமுறை உடம்பைச் சாய்த்து அழுத்தத்தை மாற்றிக்கொள்கிறார். நாற்காலியைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு வெறும் ஸ்ட்ரெச்சரில் அரை நாள் போட்டுவிட்டால், ஒரு மருத்துவமனை வருகையே மாதக்கணக்கில் ஆறாத புண்ணில் முடியலாம். "என் நாற்காலியை நகர்த்துறதுக்கு முன்னாடி என்கிட்ட கேளுங்க. என்னைத் தூக்குறதுக்கு முன்னாடியும் கேளுங்க. எப்படித் தூக்கினா எனக்கு வலிக்காதுன்னு நான் சொல்றேன்" என்றார். பிறகு எங்களில் நான்கு பேரை அழைத்து, நாற்காலியிலிருந்து கட்டிலுக்குத் தன்னை மாற்றச் செய்தார், ஒவ்வொரு அசைவையும் அவரே சொல்லிச் சொல்லி. பொம்மையை வைத்து ஆய்வகத்தில் பழகியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பொம்மை "கொஞ்சம் இருங்க, இடது கால் மாட்டிக்கிச்சு" என்று சொல்லாது.

சக்கர நாற்காலியில் இருப்பவர் டாக்டராகவோ நர்ஸாகவோ ஆக முடியுமா என்று யாரோ கேட்டபோது, அக்கா வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மேரி வர்கீஸ் பற்றிச் சொன்னார். 1954-இல் விபத்தில் தண்டுவடம் அடிபட்ட பிறகு, அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர், பிறகு மறுவாழ்வு மருத்துவத்துக்கு வந்தவர். எங்கள் தலைமுறைக்குத் தெரிய வேண்டியது 2024-ஆம் ஆண்டு ஓம்கார் கோண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: 40 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக எம்.பி.பி.எஸ். இடத்தை மறுக்கக் கூடாது, அந்த மாணவரால் படிக்க முடியுமா என்று மருத்துவக் குழு தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பிலேயே போலியோவால் ஒரு கால் பாதித்த பிசியோ மாணவி இருந்தார். அவர் இதைக் கேட்டு வழக்கு எண்ணைக் குறித்துக்கொண்டார்.

காது கேளாத அண்ணா எடுத்த சைகை மொழி அமர்வு பாதி நன்றாக இருந்தது. பாதி என்று சொல்வது அவரால் இல்லை. மொழிபெயர்ப்பாளர் தாமதமாக வந்தார், அதுவரை அண்ணா பலகையில் எழுதியும் சைகை செய்தும் சமாளித்தார். பணம் கொடுத்து வருகிற வகுப்பில் இது நடந்திருக்கக் கூடாது. இன்னொரு மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே ஏற்பாடு செய்துவைத்திருக்க வேண்டும்.

ஆனால் அந்த அண்ணா சொன்னது மனதில் நிற்கிறது. பேப்பரில் எழுதிக் காட்டினால் போதும் என்று நாம் நினைக்கிறோம். பிறவியிலேயே காது கேளாத பலருக்குச் சைகை மொழிதான் முதல் மொழி, எழுத்துத் தமிழ் பிறகு கற்றது. ஒப்புதல் படிவத்தின் நீளமான வாக்கியங்களைக் கொடுத்து "படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்றால் அது ஒப்புதல் ஆகாது. முகக்கவசம் போட்டுக்கொண்டு பேசினால் உதட்டசைவும் போய்விடும். எண் கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது, கேட்காததால் வரிசை தாண்டிவிடும், திரும்பவும் முதலிலிருந்து. எல்லாவற்றையும்விடக் கனமானது, தன் உடம்பைப் பற்றிய ஒவ்வொரு விஷயமும் அம்மா வழியாகவோ மனைவி வழியாகவோ போக வேண்டியிருப்பது. வீட்டில் யாருக்கும் தெரியக்கூடாத ஒன்றை அவர் எப்படி டாக்டரிடம் சொல்வார்?

வலி, எங்கே, எப்போதிலிருந்து, மூச்சுத்திணறல், மாத்திரை ஒத்துக்கொள்ளாதா, ஊசி போடப் போகிறேன் என்று நர்ஸுக்கு முதலில் தேவைப்படும் சைகைகளை அன்று கற்றுக்கொண்டோம். டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2015-இல் தொடங்கப்பட்டது. 10,000 சொற்கள் கொண்ட காணொளி அகராதியை அது இலவசமாகவே வைத்திருக்கிறது. நான் ராத்திரி தூங்குமுன் அதில் கொஞ்சம் பார்க்கிறேன். ஒரே அமர்வில் மொழி வந்துவிடாது. ஆனால் நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்ற பழக்கம் வந்துவிடும்.

ஆட்டிசம் உள்ள பையனின் அம்மா ஒருவர் பேசியது குறைந்த நேரம்தான். பேச்சு வராத 17 வயது மகன் நாள்கணக்கில் தலையில் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறான். போன இடங்களில் எல்லாம், "ஆட்டிசம்னா அப்படித்தாம்மா இருக்கும்" என்று தூக்க மருந்து எழுதிக்கொடுத்தார்கள். கடைசியில் ஒரு பல் மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தார். கடைவாய்ப் பல்லில் சீழ். ஏற்கெனவே ஒரு பெயர் ஒட்டியிருந்தால் புதிதாக வருகிற நோயெல்லாம் அந்தப் பெயருக்குள் போட்டு மூடப்படுகிறது. நர்ஸாக என்ன செய்யலாம் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். "அவன் நேத்து எப்படி இருந்தான், இன்னிக்கு எப்படி இருக்கான்னு எங்ககிட்ட கேளும்மா. எங்களுக்கு வித்தியாசம் தெரியும்" என்றார்.

இனி, நடக்காமலே இருந்திருக்கலாம் என்று சொன்ன அமர்வு. வெளியிலிருந்து வந்த ஒரு பயிற்சியாளர் எங்கள் கண்களைக் கட்டிவிட்டு வராந்தாவில் நடக்கச் சொன்னார். சிலர் சுவரில் மோதினார்கள், சிலர் சிரித்தார்கள், ஒரு பெண் அழுதேவிட்டாள். முடிந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டார். "பயமா இருந்தது", "பாவம், எப்படித்தான் வாழ்றாங்களோ" என்பவைதான் பதில்கள். பயிற்சியாளருக்கு அந்தப் பதில்களில் திருப்தி. எனக்குக் கோபம்தான் வந்தது. கண்ணைக் கட்டிய முதல் பத்து நிமிடத்தில் தெரிவது தடுமாற்றம் மட்டும்தான். எங்களுக்குப் பாடம் எடுத்த வழக்கறிஞர் சார் தனியாக ரயிலேறி நீதிமன்றம் போய் வாதாடிவிட்டு வருகிறவர். அவருடைய திறமை எதுவும் அந்தக் கண்கட்டு விளையாட்டில் தெரியாது. ஏரியல் சில்வர்மேன் என்ற பார்வையற்ற உளவியலாளர் சக ஆய்வாளர்களோடு இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார். கண்ணைக் கட்டிக்கொண்டு பழகியவர்கள், அதன் பிறகு பார்வையற்றவர்களின் வேலைத் திறனையும் தனித்து வாழும் திறனையும் குறைத்தே மதிப்பிட்டார்கள். மதிப்புதான் குறைந்தது. நாளைக்கு ஒரு பார்வையற்ற தாயிடம் குழந்தையைக் கொடுக்கத் தயங்கப் போகிற நர்ஸை உருவாக்கும் பயிற்சி அது.

அந்த ஒரு மணி நேரத்தை சாரிடமே கொடுத்திருக்கலாம். பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, நம் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ள அரை அடி முன்னால் நடக்க வேண்டும், படி வந்தால் ஏறவா இறங்கவா என்று சொல்ல வேண்டும், அறையை விட்டுப் போகும்போது "நான் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று அவர் தேநீர் இடைவேளையில் ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டார்.

மனநலம், பெண்கள் இரண்டையும் ஒரே பிற்பகலில் திணித்தது அடுத்த பெரிய குறை. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். நான் பிறப்பதற்கு முன்பு நடந்தது. எங்கள் பக்கத்து ஊர்களில் இன்னும் பெரியவர்கள் மனநோய்க்கு வேண்டுதல் பற்றித்தான் முதலில் பேசுவார்கள். சங்கிலியில் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. இதற்கே ஒரு நாள் வேண்டும். அதேபோல் 2009-இல் சுசிதா ஸ்ரீவாஸ்தவா வழக்கில், அறிவுசார் குறைபாடு உள்ள பெண் கர்ப்பத்தைத் தொடர விரும்பினால் அவள் சம்மதமில்லாமல் கலைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மாற்றுத்திறனாளி எவருக்கும், விவரம் தெரிந்து சுயமாகத் தரும் சம்மதமின்றி, மலட்டுத்தன்மைக்கு வழிவகுக்கும் சிகிச்சை எதுவும் செய்யக் கூடாது என்று 2016 சட்டத்தின் 10-ஆம் பிரிவும் சொல்கிறது. மகப்பேறு வார்டில் நாளை நிற்கப் போகிற எங்களுக்கு இவை ஸ்லைடில் ஓடிப்போகிற வரிகள் இல்லை. கை தூக்கியவர்கள் பாதிப் பேருக்குக் கேள்வி கேட்கவே நேரம் கிடைக்கவில்லை.

வெளியே அழைத்துப் போன நாள் நன்றாக இருந்தது. கடற்கரைச் சாலையில், மெரினாவுக்கு எதிரே, தமிழக அரசு 2022-இல் திறந்த மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ். வித்யாசாகர் அமைப்பு அதை நடத்துகிறது. மாதிரி வீடு ஒன்றை அமைத்து, நாற்காலியில் உட்கார்ந்தபடி எட்டக்கூடிய சமையல் மேடை, பிடித்து எழுந்துகொள்ளக் கம்பி வைத்த குளியலறை, அலுவலக மேசை என்று ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்க வைத்திருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது என்ன சொல்லி அனுப்ப வேண்டும் என்று நர்சிங் மாணவர்கள் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் சென்னையில் எனக்குத் தெரியாது. வகுப்பில் சேராதவர்களும் தனியாகவே போய்ப் பார்க்கலாம். அங்கிருந்து மெரினாவுக்குப் போனோம். 2022 நவம்பரில் அலை வரை போகிற மரப்பாதையைத் திறந்தார்கள், அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, பிறகு சரிசெய்தார்கள். அக்கா அதில் போய்த்தான் பல வருடங்களுக்குப் பிறகு கடலைக் கிட்டத்தில் பார்த்ததாகச் சொன்னார். 2024-இல் சென்னைக்கு வந்த தாழ்தளப் பேருந்து ஒன்றில் சாய்பலகை இறக்கி அவர் ஏறியதையும் அன்று பார்த்தோம். ஓட்டுநரும் நடத்துநரும் பழகிய கையோடு செய்தார்கள்.

மற்ற விவரங்கள். பாடக் குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். பேச்சு தமிழில் இருந்ததால் சமாளித்தேன், ஆனால் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் வீட்டில் திரும்பப் படிக்கச் சிரமப்பட்டார்கள். தமிழிலும் கொடுத்தே ஆக வேண்டும். கூடம் தரைத்தளத்தில், சக்கர நாற்காலிக்குப் போதுமான இடம் உண்டு. கழிப்பறை மட்டும் பக்கத்துக் கட்டடத்தில், அக்காவுக்கே ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் போனது. இந்தப் பாடத்தை எடுக்கும் இடத்தில் இது இருக்கக் கூடாத குறை. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு எப்படி விண்ணப்பிப்பது, குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் கீழ் என்றால் வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம் என்று நிறம் எதைக் காட்டுகிறது, என்பதைக் கணினியிலேயே செய்து காட்டிய அரை மணி நேரம் மிகவும் உபயோகம். 2016 சட்டத்தில் குறைபாடுகளின் பட்டியல் ஏழு வகையிலிருந்து 21 வகைக்கு விரிந்ததால், தலசீமியா, ஹீமோஃபிலியா, பார்க்கின்சன் நோயாளிகளுக்கும் இந்த அட்டை உண்டு. இது தெரியாமலேயே எத்தனை குடும்பங்கள் வார்டிலிருந்து போய்விடுகின்றன.

வகுப்புக்குப் பிறகு வார்டில் என்ன மாறியது என்று தோழிகள் கேட்டார்கள். ரத்த அழுத்தம் பார்க்கப் போனால் முதலில் நோயாளியிடம், "உங்களுக்கு வழக்கமா எவ்வளவு இருக்கும்?" என்று கேட்கிறேன். பணியில் இருந்த சிஸ்டர் ஒருவர், "எதுக்கும்மா ஒவ்வொருத்தர்கிட்டயும் அதைக் கேக்குறே?" என்றார். அக்காவின் கதையைச் சொன்னேன். அவர் தன் பாக்கெட் நோட்டில் எழுதிக்கொண்டார், அடுத்த நாள் மற்ற மாணவிகளுக்கும் சொல்லச் சொன்னார்.

இப்படி ஒரு வகுப்பில் சேர நினைப்பவர்கள் பணம் கட்டுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: பாடம் எடுப்பவர்களில் மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர், அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறீர்களா? கடைசி நாளில் அரை மணி நேரம் "அனுபவம் பகிர" மட்டும் அழைக்கிறார்கள் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். எங்கள் வகுப்பில் அவர்களே ஆசிரியர்களாக இருந்த அமர்வுகள் எல்லாம் தேறின. தேறாதது, அவர்களைப் பற்றி வேறொருவர் பேசியதுதான். தென் மாவட்டங்களில் இருப்பவர்கள் சென்னைக்கு வர வேண்டிய அவசியமும் இல்லை. தென்காசி பக்கம் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளின் மறுவாழ்வுக்கான அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1975-இல் கடற்படைத் தேர்வின்போது அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கியது. சின்ன வயதில் அந்த ஊர் வழியாகப் பஸ்ஸில் போயிருக்கிறேன், உள்ளே போனதில்லை. வரும் விடுமுறையில் போய்ப் பார்க்க அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன்.

இத்தனை குறைகளோடும் இந்த வகுப்புக்கு 500 ரூபாய் குறைவு என்றுதான் சொல்வேன். நர்சிங், பிசியோ மாணவர்கள் கண்டிப்பாகச் சேரலாம், மருத்துவ மாணவர்கள் இன்டர்ன்ஷிப்புக்கு முன்னால் சேருவது நல்லது. கண்கட்டுப் பயிற்சியை எடுத்துவிடுவதாகவும், மனநலத்துக்குத் தனியாக ஒரு முழு நாள் ஒதுக்குவதாகவும் ஒருங்கிணைப்பாளர் அக்கா சொல்லியிருக்கிறார். அப்படி நடந்தால் அந்த நாளுக்கு மட்டும் நான் மறுபடி பணம் கட்டிப் போவேன்.